சீனி நோயும் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதியும்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே மாத்திரைகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்தை எழுத வைத்தது அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அத்தை. பதினைந்து வருடமாகச் சுகர். உள்ளங்கால் எரிச்சல் தாங்காமல் ஒரு தனியார் மருத்துவரிடம் போனார், அவர் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. மஞ்சள் காமாலைதான் என்று முடிவு செய்துவிட்டார் அத்தை. கீழாநெல்லியை அரைத்துக் குடித்தார். புது மாத்திரையோடு, காலங்காலமாகச் சாப்பிட்டு வந்த சுகர் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டார். ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் வந்தபோது சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது.

அந்த மாத்திரையின் பெயர் எபால்ரெஸ்டாட். சிறுநீர் நிறம் மாறுவது அதன் இயல்பு. இந்த ஒரு வரியை அத்தையிடம் யாராவது சொல்லியிருந்தால் இத்தனை பாடு இல்லை. அந்த மாத்திரை எந்த நொதியைத் தடுக்கிறதோ அதைப் பற்றி அன்று முதல் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்றால் என்ன?

நம் உடம்புச் செல்களுக்குள் இருக்கும் ஒரு நொதி, அதாவது என்சைம். தனக்குக் கிடைக்கும் பொருளை வேறொன்றாக மாற்றிக்கொண்டே இருக்கும் புரதம். இது குளுக்கோஸை எடுத்து சோர்பிடால் என்ற பொருளாக மாற்றுகிறது. அந்த சோர்பிடாலை அடுத்த நொதியான சோர்பிடால் டிஹைட்ரஜனேஸ் ஃப்ரக்டோஸாக, அதாவது பழச்சர்க்கரையாக, மாற்றும். இரண்டே படிகள் கொண்ட குறுக்குப் பாதை. பாடப்புத்தகத்தில் இதற்குப் பாலியால் பாதை என்று பெயர்.

1956-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹெர்ஸ் என்ற அறிவியலாளர் செம்மறி ஆட்டின் விந்துப்பையை ஆராய்ந்தபோது இதைக் கண்டார். விந்தணு நீந்துவதற்கு வேண்டிய ஃப்ரக்டோஸ் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அப்போதைய கேள்வி. நீரிழிவைப் பற்றிய நினைப்பே அதில் இல்லை. மூன்று வருடம் கழித்து, 1959-ல், ஆக்ஸ்ஃபோர்டில் ரூத் வான் ஹெய்னிங்கன் சர்க்கரையால் கண்புரை வந்த எலிகளின் விழிலென்சில் சோர்பிடால் இருப்பதைக் காட்டினார். நீரிழிவுக்கும் இந்த நொதிக்கும் உள்ள தொடர்பு அங்கேதான் தொடங்குகிறது.

எல்லோர் உடம்பிலும் இருக்கிறதே. சுகர் உள்ளவர்களுக்கு மட்டும் ஏன் அது தொந்தரவு?

வகுப்பில் நான் இதை எப்போதும் குளத்தை வைத்துத்தான் சொல்வேன். தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மடை தெரியும், மறுகால் தெரியும். குளத்தில் அளவான தண்ணீர் இருந்தால் எல்லாம் மடை வழியாக வயலுக்குப் போகும். குளம் பெருகி விளிம்பைத் தாண்டினால் மறுகால் பாயும்.

செல்லுக்குள் மடை என்பது ஹெக்சோகைனேஸ் என்ற வேறொரு நொதி. குளுக்கோஸ் கொஞ்சமாக இருந்தாலும் அதைப் பிடித்து, ஆற்றல் தரும் வழிக்கு அனுப்பிவிடும். ஆல்டோஸ் ரிடக்டேஸுக்குக் குளுக்கோஸின் மேல் அவ்வளவு நாட்டமில்லை. இரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும்போது உள்ளே வரும் குளுக்கோஸில் 3 சதவீதத்துக்கும் குறைவாகவே இந்தப் பக்கம் போகிறது. சர்க்கரை ஏறினால் மடை முட்டிப்போகிறது, மறுகால் திறக்கிறது. அப்போது 30 சதவீதம் வரை இந்தக் குறுக்குப் பாதையில் போகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நொதி அதேதான். வந்து சேரும் வெள்ளம்தான் வேறு.

கண், நரம்பு, சிறுநீரகம் இந்த மூன்றுமே ஏன் அடிபடுகின்றன?

தசைக்கும் கொழுப்புக்கும் குளுக்கோஸ் உள்ளே போக இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். விழிலென்ஸ், விழித்திரை, நரம்பு, சிறுநீரகத்தின் வடிகட்டிச் செல்கள் ஆகியவற்றுக்கு அந்தக் கதவே இல்லை. இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் உள்ளே வந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல அவற்றுக்கு வழி கிடையாது. ஆல்டோஸ் ரிடக்டேஸும் இந்த இடங்களில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததால்தான் இங்கே அடி பலமாக விழுகிறது.

சோர்பிடால் சேர்ந்தால் அப்படி என்ன கெடுதல்?

மூன்று வழியில் கெடுதல். சோர்பிடால் செல்லின் சவ்வைத் தாண்டி எளிதில் வெளியேறாது, உள்ளேயே தேங்கும். உப்பில் போட்ட மாங்காய் தண்ணீர் விடுகிறதல்லவா, அந்த இழுவிசை இங்கே உள்பக்கமாக வேலை செய்கிறது: தேங்கிய சோர்பிடால் வெளியே இருக்கும் நீரைச் செல்லுக்குள் இழுக்கிறது. விழிலென்ஸின் இழைகள் ஊதுகின்றன, ஒழுங்கு குலைகிறது, கண்ணாடி போல இருந்தது மங்குகிறது. 1960-களில் அமெரிக்காவில் ஜின் கினோஷிடா இதை விரிவாக ஆராய்ந்து முன்வைத்தார்.

என் பார்வையில் இரண்டாவது வழிதான் பெரிது. இந்த நொதி ஒவ்வொரு குளுக்கோஸை மாற்றும்போதும் என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருள் ஒன்றைச் செலவழிக்கிறது. அதே என்ஏடிபிஎச் இன்னொரு வேலைக்கும் வேண்டும். குளுட்டதயோன் என்று செல்லுக்குள் ஒரு காவலாள் உண்டு. துருப்பிடிப்பது போன்ற ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து செல்லைக் காப்பது அதன் வேலை. வேலை செய்து களைத்த குளுட்டதயோனைத் திரும்ப எழுப்பிவிட என்ஏடிபிஎச் தேவை. மறுகால் பக்கம் அத்தனையும் செலவாகிவிட்டால் காவலாளுக்குச் சோறில்லை. வெளியிலிருந்து தாக்குதல் வராமலே செல் உள்ளுக்குள் சேதமாகிறது.

அப்புறம் ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை விட வேகமாகப் புரதங்களில் ஒட்டும் தன்மை இதற்கும் இதிலிருந்து வரும் பொருள்களுக்கும் உண்டு. ஒட்டிய புரதம் விறைத்து, நிறம் மாறி, வேலைக்கு உதவாமல் போகிறது.

டீச்சர், சுகர் ஏறினால் கண்ணாடி பவர் மாறுமா? ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாற்றிவிட்டேன்.

மாறும். விழிலென்ஸ் நீரை இழுத்து ஊதும்போது அதன் வளைவும் ஒளியை மடக்கும் திறனும் மாறுகின்றன. சர்க்கரை இறங்கும்போது திரும்பவும் மாறும். சுகர் அலைபாயும் நேரத்தில் எடுத்த பவர் அடுத்த மாதம் பொருந்தாமல் போவது இதனால்தான். சர்க்கரை சில வாரங்கள் நிலையாக இருந்த பிறகு அளவெடுங்கள், கண்ணாடிக் காசாவது மிஞ்சும். ஆனால் பார்வை திடீரென மங்கினாலோ, கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தது போல இருந்தாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அது விழித்திரையில் இரத்தக் கசிவாக இருக்கலாம்.

கண்ணில் புரை வந்துவிட்டது. இந்த நொதியைத் தடுக்கும் மருந்து ஊற்றினால் கரையாதா?

கரையாது. மனிதருக்குப் புரையைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்தோ மாத்திரையோ இன்றுவரை இல்லை. லென்ஸ் மாற்றும் அறுவைதான் தீர்வு. அது நல்ல தீர்வும்கூட. நம் ஊரில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, மேட்டுத்திடலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சொட்டு மருந்து விளம்பரத்தை நம்பி வருடத்தைக் கழிக்க வேண்டாம்.

எலிக்கு வேலை செய்தது நமக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். எலியின் லென்சில் இந்த நொதி மிக அதிகம், அதனால் சில வாரங்களிலேயே புரை விழுந்துவிடும். சுண்டெலியின் லென்சில் மிகக் குறைவு, நீரிழிவு வந்தாலும் புரை எளிதில் விழாது. அந்தச் சுண்டெலிக்கு இந்த நொதியின் மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்தபோது புரை வந்தது. 1995-ல் வெளிவந்த இந்தச் சோதனைதான் நொதியின் பங்கைத் தெளிவாகக் காட்டியது. மனித லென்சில் எலி அளவுக்கு இந்த நொதி கிடையாது. நமக்கு வரும் புரையில் வயது, வெயில், புகை, சர்க்கரை எல்லாம் கலந்திருக்கின்றன.

இவ்வளவு கெடுதல் செய்யும் நொதி உடம்பில் எதற்கு?

இதைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். இந்த நொதிக்கு நல்ல வேலைகள் உண்டு. சிறுநீரகத்தின் உள்பகுதி மிகவும் உப்பான இடம். அங்கே இருக்கும் செல்கள் சுருங்கிப்போகாமல் இருக்கத் தங்களுக்குள் சோர்பிடாலைச் சேர்த்து வைத்துச் சமாளிக்கின்றன. சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்யும்போதும் சிறுநீரகம் நீரைத் தேக்கி வைக்கிறதென்றால், இந்த நொதிக்கும் அதில் பங்கு உண்டு. கண்ணில் கெடுதல் செய்யும் அதே சோர்பிடால், அங்கே காப்பு.

அடுத்த வேலை கழிவு நீக்கம். செல்லின் சவ்வில் இருக்கும் கொழுப்பு சிதையும்போது ஆல்டிஹைடு என்ற வகை நச்சுகள் உண்டாகின்றன. அவற்றைப் பிடித்துச் சாதுவாக்குவதில் ஆல்டோஸ் ரிடக்டேஸ் குளுக்கோஸைக் கையாள்வதை விடப் பல மடங்கு திறமைசாலி. அதன் சொந்த வேலையே இதுதான் என்று கருதுபவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அழற்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அது சர்க்கரைக்குள் எப்படி வந்தது?

வயல் வரப்பில் நடக்கும்போது உடைமுள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறதல்லவா, அதுதான் அழற்சி. முள்ளை எடுத்ததும் அடங்கிவிட வேண்டிய காரியம். அடங்காமல் உள்ளுக்குள் சிறு கங்காக எரிந்துகொண்டே இருந்தால் இரத்தக் குழாயும் சிறுநீரகமும் விழித்திரையும் சேதமாகும். நீரிழிவில் நடப்பது இந்தக் கங்கு வகை.

இப்போது நொதிக்கு வருவோம். செல்லில் கொழுப்பு சிதைந்து உண்டாகும் நச்சு ஆல்டிஹைடுகளில் முக்கியமானது எச்என்இ. குளுட்டதயோன் அதைப் பிடித்துக் கட்டுகிறது. கட்டிய மூட்டையை ஆல்டோஸ் ரிடக்டேஸ் இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அதோடு நச்சு ஒழிந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். அமெரிக்காவில் டெக்சாஸின் கால்வெஸ்டனில் சதீஷ் ஸ்ரீவஸ்தவா, கோட்டா ரமணா ஆகியோரின் குழு வேறொன்றைக் காட்டியது: மாற்றப்பட்ட அந்த மூட்டையே ஒரு சமிக்ஞை. அது செல்லுக்குள் அடுத்தடுத்து ஆட்களை எழுப்பி, கடைசியில் என்எஃப்-காப்பா-பி என்ற புரதத்தை உசுப்பிவிடுகிறது. ஊர்ச்சாவடியில் தண்டோராப் போடுபவரைப் போல அது. செல்லின் கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களையெல்லாம் எழுப்புகிறது. டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லியூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் வெளியே வருகின்றன, வெள்ளணுக்கள் திரள்கின்றன.

ஆக, குப்பையை அள்ளுவதும் இதே நொதிதான், அள்ளிய கையோடு மணியடித்து ஊரைக் கூட்டுவதும் இதேதான். ஆய்வுக்கூடத்தில் நொதியைத் தடுத்தால் மணியோசை குறைகிறது. எலியிலும் சுண்டெலியிலும் கண்ணின் உள் அழற்சி, ஒவ்வாமை ஆஸ்துமா, கிருமி நச்சால் உடம்பு முழுவதும் பற்றும் அழற்சி ஆகிய மூன்றிலும் தடுப்பு மருந்து பலன் தந்தது. இவற்றில் எதற்கும் சர்க்கரை ஏறியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீரிழிவு நொதி என்று பெயர் வாங்கிய ஒன்று அழற்சி நோய்களின் ஆய்வுக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அப்படியானால் சுகர் இல்லாத நான் மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ இந்த மாத்திரையைக் கேட்டு வாங்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன பலன்கள் விலங்குகளிலும் ஆய்வுக்கூடச் செல்களிலும் கண்டவை. மனிதரின் ஆஸ்துமாவுக்கோ மூட்டழற்சிக்கோ இது ஏற்கப்பட்ட சிகிச்சை கிடையாது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இருக்கிறது, அதை ஒழுங்காக இழுங்கள்.

இந்த நொதியைத் தடுக்க மருந்து கண்டுபிடிக்க இத்தனை வருடமா?

கண்டுபிடித்தார்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றார்கள். இது எனக்கு வருத்தமான கதை. நான் படிக்கிற காலத்தில் நீரிழிவுச் சிக்கல்களுக்கு விடிவு வந்துவிட்டது என்றே பேசிக்கொண்டோம். சோர்பினில் என்ற மருந்து விழித்திரையைக் காக்குமா என்று பெரிய அளவில் சோதித்து 1990-ல் முடிவு வெளியிட்டார்கள்: குறிப்பிடும்படி காக்கவில்லை, சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் வந்தது. டோல்ரெஸ்டாட் சில நாடுகளில் விற்பனைக்கே வந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் 1990-களின் பிற்பகுதியில் திரும்பப் பெற்றார்கள். ஜெனரெஸ்டாட் சிறுநீரகத்தைப் பாதித்தது. நீரிழிவால் பலவீனமான இதயத்துக்காக காஃபிகிரெஸ்டாட் என்ற புதிய மருந்தைச் சோதித்தார்கள். 2024-ல் வந்த முடிவில் அதன் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை.

தோல்விக்கு என் கணிப்பில் இரண்டு காரணம். நரம்பும் விழித்திரையும் பல வருடம் சேதமான பிறகுதான் மருந்து வந்து சேர்கிறது. இன்னொன்று, மறுகாலை அடைத்தாலும் குளத்துத் தண்ணீர் குறைவதில்லை. ஏறிய சர்க்கரை வேறு வழிகளிலும் சேதம் செய்கிறது, புரதங்களில் நேராகவே ஒட்டுகிறது. ஒரு வழியை மட்டும் அடைத்துப் பார்த்தது போதவில்லை.

எனக்கு எபால்ரெஸ்டாட் எழுதியிருக்கிறார்கள். அது இந்த வகைதானே, சாப்பிடலாமா?

இந்த வகைதான், நின்று நிலைத்த ஒரே மருந்தும் அதுதான். ஜப்பானில் 1992 முதல் புழக்கத்தில் உள்ளது, இந்தியாவிலும் கிடைக்கிறது. வழக்கமான அளவு 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன். நம் மருந்துக்கடைகளில் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வகையோடு சேர்த்தும் வரும்.

2006-ல் வெளியான மூன்று வருட ஜப்பானிய ஆய்வில், இதைச் சாப்பிட்டவர்களுக்கு நரம்பு வழியே செய்தி ஓடும் வேகம் சாப்பிடாதவர்களை விடக் குறைவாகவே சரிந்தது, மதமதப்பு போன்ற தொந்தரவுகளும் குறைந்தன. சர்க்கரையை ஓரளவு கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கும் சேதம் ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கும்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. மேலும் கெடாமல் தாங்கிப் பிடிக்க முயலும் மருந்து இது. எரிச்சலையும் வலியையும் அன்றைக்கே அடக்கும் மருந்தாக இதை எண்ண வேண்டாம். அதற்கு மருத்துவர்கள் பிரிகாபலின், டுலாக்சிடின் போன்றவற்றைத் தருவார்கள்.

சிறுநீர் மஞ்சள் கலந்த பழுப்பாகவோ சிவப்பாகவோ போகும். மருந்தும் அது சிதைந்து வரும் பொருள்களும் தரும் நிறம் அது. பயந்து நிறுத்தாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போனால் லேபில் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள், பிலிருபின், கீட்டோன் போன்ற நிறம் பார்க்கும் சோதனைகளை இது குழப்பும். ஆனால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளானால், பசி அற்றுப்போனால், வாந்தி வந்தால் அது வேறு விஷயம். சிலருக்கு இந்த மருந்தால் கல்லீரல் அளவுகள் ஏறுவதுண்டு, உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பீடி சுற்றுகிறேன் அக்கா. விரல் மரத்துப்போகிறது. சுகரும் இருக்கிறது. இதுவும் அந்த நொதிதானா?

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். நீரிழிவு நரம்புச் சேதம் வழக்கமாகக் கால் நுனியில் தொடங்கி மெல்ல மேலே ஏறும், கைக்கு வர நாளாகும். காலில் ஒன்றும் இல்லாமல் கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, இரவில் உதறி உதறி எழுந்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம். நாள் முழுக்க விரலும் மணிக்கட்டும் ஓயாத வேலைக்கு அது வரும், சுகர் இருந்தால் இன்னும் வரும். அதற்குச் சிகிச்சை வேறு.

காலில் மதமதப்பு என்றாலும் எல்லாப் பழியையும் சர்க்கரையின் மேல் போடக் கூடாது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். அதுவும் இதே மாதிரி மரக்க வைக்கும், அதைச் சரிசெய்யவும் முடியும். இரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

நெல்லிக்காய், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் இந்த நொதியைத் தடுக்கும் என்கிறார்களே?

அதில் உண்மை உண்டு, எவ்வளவு உண்மை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். நெல்லிக்காயின் துவர்ப்புப் பொருள்கள் ஆல்டோஸ் ரிடக்டேஸைத் தடுக்கின்றன. நீரிழிவு உண்டாக்கிய எலிகளில் நெல்லிக்காயும் மஞ்சளும் புரையைத் தாமதப்படுத்தின. சீரகம், சோம்பு, மிளகு, கறிவேப்பிலை, லவங்கப்பட்டை ஆகியவற்றின் சாறுகளும் சோதனையில் தடுப்புக் குணம் காட்டின. நம் அஞ்சறைப் பெட்டியில் உள்ள பொருள்கள் நல்ல ஆய்வுக்கூடத்தில் மதிக்கப்பட்டதில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

ஆனால் இவை எலிச் சோதனைகள். எலியின் லென்ஸ் வேறு என்று மேலே சொன்னேன். சட்டியில் போடும் மஞ்சள் நம் கண்ணுக்கும் நரம்புக்கும் எவ்வளவு போய்ச் சேரும் என்பதும் வேறு கேள்வி, ஏனென்றால் மஞ்சளின் குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. சொதியில் கிடக்கும் கறிவேப்பிலையை இலை ஓரத்தில் ஒதுக்காமல் சாப்பிடுங்கள், நெல்லிக்காய் கடியுங்கள், நல்லதுதான். இதற்காக மாத்திரையை விட்டுவிடக் கூடாது. குர்குமின் குளிகைகளை அளவில்லாமல் விழுங்கிக் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு, அது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

உடன்குடிக் கருப்பட்டி நல்லதுதானே? சீனி இல்லையே அது.

எங்கள் ஆச்சி கருப்பட்டிக் காப்பி தவிர வேறு குடித்ததில்லை, எனக்கும் அந்த மணம் உயிர். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில் இருப்பதும் அதுவே. கொஞ்சம் தாதுச் சத்து கூட இருக்கும், அவ்வளவுதான். குடலைத் தாண்டி இரத்தத்துக்கு வந்த குளுக்கோஸ் பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று எந்த நொதியும் கேட்பதில்லை. சுகர் உள்ளவருக்குக் கருப்பட்டி மாற்று கிடையாது.

அல்வா?

கோதுமைப் பால், சீனி, நெய். விரல் நுனி அளவு, வீட்டு விசேஷத்துக்கு மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு. கால் கிலோப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு துண்டு என்று தொடங்காதீர்கள்.

சுகர்ஃப்ரீ மிட்டாயில் சோர்பிடால் என்று போட்டிருக்கிறது. அது நேராகக் கண்ணுக்குப் போய்விடுமா?

நல்ல கேள்வி, பயம் வேண்டாம். வாயில் போடும் சோர்பிடால் குடலில் பாதிதான் உறிஞ்சப்படும், அதையும் கல்லீரல் ஃப்ரக்டோஸாக மாற்றிவிடும். சோர்பிடால் செல் சவ்வைத் தாண்டி எளிதில் வெளியேறாது என்றேனே, அதே காரணத்தால் வெளியிலிருந்து உள்ளேயும் எளிதில் நுழையாது. லென்சில் தேங்குவது லென்சுக்குள்ளேயே குளுக்கோஸிலிருந்து உண்டானது. நிறையத் தின்றால் வயிறு பொருமும், பேதியாகும். மிட்டாயில் இருக்கும் மாவும் நெய்யும் கணக்கில் சேரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்த நொதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று லேபில் பார்க்க முடியுமா?

வழக்கமான பரிசோதனை எதுவும் இல்லை. தேவையும் இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு இருபது வருடமாகச் சுகர், கண் நன்றாக இருக்கிறது. எனக்கு ஐந்து வருடத்தில் விழித்திரை கெட்டுவிட்டது. ஏன்?

இந்த நொதிக்கான மரபணு 7-வது குரோமோசோமில் இருக்கிறது. அதன் ஒரு வகை மாறுபாடு உள்ளவர்களுக்கு விழித்திரைச் சேதம் அதிகம் என்று சில மக்கள் கூட்டங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், உங்களுக்குச் சுகர் வந்து ஐந்து வருடம் என்பது கண்டுபிடித்து ஐந்து வருடம் என்றுதான் பொருள். அதற்கு முன்பே பல வருடம் சத்தமில்லாமல் ஏறியிருக்கலாம். இரத்த அழுத்தம், புகையிலை, சிறுநீரகம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

சரி, நொதியைத் தடுக்க நல்ல மருந்தும் இல்லை. நான் என்னதான் செய்ய?

குளத்துக்கு வரும் தண்ணீரைக் குறையுங்கள். மறுகால் தானாக நிற்கும். 1993-ல் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யை 7-க்கு அருகில் வைத்தவர்களுக்கு, 9-ல் இருந்தவர்களை விட விழித்திரைச் சேதம் புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது, நரம்புச் சேதம் 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகைக்காரர்களிடம் பிரிட்டனில் நடத்தி 1998-ல் வெளியிட்ட ஆய்விலும் சிறு இரத்தக் குழாய்ச் சேதம் 25 சதவீதம் குறைந்தது. ஆல்டோஸ் ரிடக்டேஸைத் தடுக்கும் எந்த மருந்தும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை. உங்கள் எச்பிஏ1சி இலக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு மிகவும் இறக்கினால் மயக்கம் வரும்.

வருடத்துக்கு ஒரு தடவை சொட்டு விட்டு விழித்திரையைப் பாருங்கள். பார்வை நன்றாக இருந்தாலும் பாருங்கள், ஏனென்றால் விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வை குறைவதில்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று ஒரு சோதனை. காலில் மெல்லிய நைலான் இழையை வைத்துத் தொடு உணர்ச்சி பார்ப்பார்கள், இரண்டு நிமிட வேலை, கேட்டு வாங்குங்கள். மாத்திரை வாங்க அலைய முடியாதவர்கள், 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கிடைப்பதை உங்கள் பகுதிச் சுகாதார ஊழியரிடம் விசாரியுங்கள்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும். கால் மரத்திருக்கிறது. செருப்பில்லாமல் நடக்கலாமா?

குலதெய்வத்தைப் பார்க்கப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. திருச்செந்தூர் பாதயாத்திரைக்கும் இதே பதில்தான். உணர்ச்சி அற்ற காலுக்குப் பங்குனி வெயிலில் கொதிக்கும் மணலும் தெரியாது, உடைமுள் ஏறியதும் தெரியாது. கொப்புளம் உடைந்து சீழ் வைத்த பிறகுதான் தெரியும். கோயில் வாசல் வரை அளவான, மூடிய செருப்போடு போங்கள். உள்ளே போகும் சிறிது தூரத்தைத் தரை சுடுவதற்கு முன்பு, விடியற்காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஆள் இல்லாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், மரத்த காலுக்குச் சூடு அளவு தெரியாது.

அத்தை இந்த வருடம் விடியற்காலை ஐந்து மணிக்கே கோயிலில் இருந்தார். பேரன் டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் பார்த்துவிட்டு எனக்குப் போட்டோ அனுப்பினான். இடது குதிகாலில் ஒரு சின்ன முள் இருந்தது. அத்தைக்கு அது ஏறியதே தெரியவில்லை.